"கூலி" என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை தொழில்கள்?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

பாடசாலையில் தரம் 1 அனுமதிப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கும் வேலை ஒவ்வொரு வருடமும் எங்களிடம் வரும். அப்படி ஒரு நாள், பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்திருந்தார். பிள்ளையின் வாப்பா கட்டாரில். அதனால் பாதுகாவலர் மூத்தாப்பாதான். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதியாயிற்று. "மாமா, உங்கட தொழில் என்ன?" என்று கேட்டோம்.

"கூலி என்டு போடுங்க சேர்."

"என்ன கூலி மாமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "வட்டையிலதான். முப்பது வருசத்துக்கு மேல முல்லைக்காரனா இருந்த. அதெல்லாம் இதுல எழுதுவாங்களா? கூலி என்டே போடுங்க."

நாங்களும் "கூலி" என்றே எழுதினோம். அந்தக் கட்டத்துக்குள் அதற்கு மேல் இடமும் இல்லை. ஆனால் அன்று வீட்டுக்குப் போன பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. முப்பது வருடம் ஒரு மனிதன் செய்த தொழிலுக்குப் பெயர் இருக்கிறது. அதற்கென்று தனி அறிவு இருக்கிறது. அப்படியிருந்தும் அவரே அதைச் சொல்லக் கூச்சப்படுகிறார், நாங்களும் எழுதாமல் விடுகிறோம். நாளைக்கு அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்க்கிற எவருக்கும் எங்கள் ஊரில் இருந்தது ஒரே ஒரு தொழில், அதன் பெயர் கூலி என்றுதான் தெரியும்.

அதனால்தான் இந்தப் பதிவு.

ஊர் கடற்கரையில், வயிறு மேற்கில்

இலங்கை முஸ்லிம்கள் என்றாலே யாவாரிகள் என்று வெளியில் உள்ளவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளும் அப்படியே எழுதுகிறார்கள். வரலாற்றுப் பாடத்தில் அரபு வணிகர் வருகை, மாணிக்கம், வாசனைத் திரவியம் என்று படிப்பதால் வந்த பழக்கம் அது. கிழக்கின் கதை வேறு. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று எந்த ஊரை எடுத்தாலும், கடை வைத்தவர்களை விட வயலில் இறங்கியவர்கள்தான் அதிகம். கடலுக்குப் போனவர்களும், தறியில் இருந்தவர்களும், பன்பாய் இழைத்த பெண்களும் அடுத்தடுத்து வருவார்கள்.

1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அப்போது கண்டி மன்னன் செனரத் ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு முன்னரும் இங்கே எங்கள் மக்கள் இருந்தார்கள். வந்தவர்களும் இருந்தவர்களும் நிலைத்து நின்றதற்குக் காரணம் இந்த மண்ணில் விளைந்த நெல்தான்.

எங்கள் ஊர்களின் அமைப்பையே பாருங்கள். கடற்கரை மணலில் வீடுகள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கும். வயல்கள் மேற்கே, சில இடங்களில் பல மைல் தூரத்தில். அந்தத் தொடர்ச்சியான வயல்வெளியைத்தான் "வட்டை" என்கிறோம். அந்தக் காலத்தில் காலையில் போய் மாலையில் திரும்புகிற தூரம் அல்ல அது. மழை தொடங்கிப் பெரும்போகம் விதைக்கப் போனால் மாசி, பங்குனியில் வெட்டி முடிக்கும்வரை பலர் வாடியிலேயே கிடந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஊருக்கு வந்து, அரிசி, கருவாடு, தேங்காய் வாங்கிக்கொண்டு திரும்பிப் போவார்கள். "வாப்பா எங்க?" என்று கேட்டால் "வட்டைக்க" என்று சொல்லி வளர்ந்த தலைமுறை இன்னும் எங்களோடு இருக்கிறது.

போடியார் மட்டுமா வேளாண்மை செய்தார்?

கிழக்கின் வயல் கதை என்றால் உடனே போடியார் கதைதான் வரும். பல ஏக்கர் காணி, எருமைப் பட்டி, பெரிய கல்வீடு, வாசலில் நெல் பட்டறை. இவை எல்லாம் உண்மைதான். ஆனால் போடியாரின் காணியை நெல்லாக்கியவர்கள் வேறு ஆட்கள்.

முதலாவது ஆள் முல்லைக்காரன். வயலில் போடியாரின் இடத்தில் நிற்பவன் அவன். வரம்பு கட்டுவது, எருமைகளை விட்டு மண்ணை உழக்குவது, பலகை அடித்து மட்டப்படுத்துவது, முளை நெல் விதைப்பது, தண்ணீர் கட்டுவது, காவல் இருப்பது எல்லாம் அவன் பொறுப்பு. எந்தக் கண்டத்தில் தண்ணீர் முதலில் வற்றும், எந்த வக்கடையை எவ்வளவு திறக்க வேண்டும், பயிரின் நிறம் மாறினால் அது தண்ணீர்க் குறையா பூச்சியா என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். இதற்குச் சம்பளம் மாதக் கணக்கில் இல்லை. போகம் முடிந்து களத்தில் அளக்கும்போது பேசிய நெல் கிடைக்கும். இடையில் வீட்டுச் செலவுக்குப் போடியாரிடம் வாங்கிய நெல்லும் காசும் அதிலே கழிக்கப்படும். நல்ல போகத்தில் பட்டறை கட்ட மிஞ்சும். வெள்ளமோ வரட்சியோ வந்தால் கடன் மட்டும் அடுத்த போகத்துக்குப் போகும். இப்படி ஒரே போடியாரின் வயலில் வாப்பாவுக்குப் பின் மகன் என்று நின்ற குடும்பங்கள் உண்டு. அது விசுவாசம் என்று போடியார் வீட்டில் சொல்வார்கள். கடன் என்று முல்லைக்காரன் வீட்டில் சொல்வார்கள். இரண்டும் உண்மை.

இரண்டாவது ஆள் வட்டவிதானை. இவரை விவசாயிகளே தெரிவு செய்வார்கள். வாய்க்கால் துப்புரவு, யாருக்கு எந்த முறையில் தண்ணீர், யாருடைய மாடு யாருடைய பயிரில் இறங்கியது என்ற வழக்கு எல்லாம் இவரிடம்தான் வரும். கூலி ஏக்கர் கணக்கில் நெல்லாகச் சேரும். இது ஊர் வழக்கம் மட்டுமல்ல. ஆள்பதி ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல் வந்த நீர்ப்பாசனச் சட்டம், நெற்செய்கை தொடர்பான பழைய வழக்கங்களுக்கு மீண்டும் சட்ட வலு கொடுத்தது. இறக்காமம் குளமும் அம்பாறைக் குளமும் திருத்தப்பட்டது அவருடைய காலத்திலேதான். ஆனால் அதே வெள்ளைக்கார அரசாங்கம் நெல்லுக்கு வரியும் அறவிட்டது. வரி கட்ட முடியாமல் காணி இழந்த விவசாயிகளின் கண்ணீருக்குப் பிறகுதான், 1892இல் ஆள்பதி ஹவ்லொக் காலத்தில், அந்த வரி ஒழிக்கப்பட்டது.

மூன்றாவது, காவல்காரர். கதிர் முற்றும் காலத்தில் பகலில் கிளிக்கும் குருவிக்கும், இரவில் பன்றிக்கும் யானைக்கும் காவல். பரணில் பந்தமும் தகரமுமாக விடியும்வரை இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்களும் கிளிக்காவலுக்குப் போனார்கள். பாடசாலை இடைவிலகல் என்று இன்று நாங்கள் அறிக்கை எழுதுகிறோமே, அன்று அதற்குப் பெயரே இல்லை. பெரும்போகம் முற்றினால் வகுப்பில் பாதி இருக்காது.

வெட்டு, சூடு, பொலி

வெட்டுக்கு வருகிற கூலியாட்கள் கூட்டமாக வருவார்கள். தாக்கத்தியால் அரிந்து, கைப்பிடி கைப்பிடியாக உப்பட்டி போட்டு, வெயிலில் காயவிட்டு, பிறகு கட்டிச் சுமந்து வந்து சூடு வைப்பார்கள். சூடு வைப்பது எல்லாராலும் முடிகிற வேலை அல்ல. கதிர் உள்ளே, தாள் வெளியே என்று வட்டமாக அடுக்கி ஏற்ற வேண்டும். பிழையாக வைத்தால் ஒரு மழைக்கு உள்ளே தண்ணீர் இறங்கி நெல் முளைத்துவிடும். சூடு வைக்கத் தெரிந்த ஆளைத் தேடி அடுத்த ஊரிலிருந்தும் வந்து கேட்பார்கள். தமிழ்ப் போடியாரின் களத்தில் எங்கள் ஆக்களும், எங்கள் போடியாரின் களத்தில் தமிழ்ச் சகோதரர்களும் நின்றது சாதாரண விசயம். வேலை தெரிந்தவனா என்பதுதான் கேள்வி.

பிறகு சூடடிப்பு. மாடுகளைப் பிணைத்து இரவிரவாகச் சுற்றவிட வேண்டும். களத்தில் நெல்லை நெல் என்று சொல்ல மாட்டார்கள். "பொலி" என்பார்கள். தூற்றும்போதும் அளக்கும்போதும் அந்தச் சொல் வாயில் இருக்கும். பிஸ்மி சொல்லித்தான் எங்கள் ஆக்கள் களத்தைத் தொடங்குவார்கள். ஆனால் அந்தப் பொலி என்ற சொல் இரு சமூகத்துக்கும் பொதுவானது. இந்த மண்ணின் சொல் அது.

அளந்து முடிந்ததும் களத்திலேயே ஸகாத்தைப் பிரித்து வைப்பவர்கள் இருந்தார்கள். மழையில் தானாக விளைந்தால் பத்தில் ஒன்று, செலவு செய்து தண்ணீர் பாய்ச்சியிருந்தால் இருபதில் ஒன்று. ஏழைகள் களத்துக்கு வந்து தங்கள் பங்கை வாங்கிப் போனார்கள்.

கதிர் பொறுக்கிய உம்மம்மாமார்

எந்தப் படிவத்திலும் எந்தக் காலத்திலும் எழுதப்படாத தொழில் இது. உப்பட்டி கட்டித் தூக்கிய பிறகு, வயலில் விழுந்து கிடக்கிற கதிர்களைப் பொறுக்கப் பெண்கள் இறங்குவார்கள். பெரும்பாலும் விதவைகள், கணவன் நோயில் கிடப்பவர்கள், பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு வழியில்லாதவர்கள். சுபஹுக்கு முன் சோற்றுப் பொதியைக் கட்டிக்கொண்டு, கூட்டமாக, மைல் கணக்கில் நடப்பார்கள். குனிந்த இடுப்பு பகல் முழுக்க நிமிராது. அரிதாள் குத்திக் கால் எல்லாம் கீறல். பொழுதுபட மூட்டையோடு திரும்பி, வீட்டு முற்றத்தில் காலால் உழக்கி, சுளகில் புடைத்து, காயவைத்து, உரலில் குற்றுவார்கள். சில போடிமார் இன்னும் ரெண்டு கதிர் விழட்டும் என்று கூலியாட்களிடம் சொல்லி வைப்பார்கள். சிலர் பெண்களை விரட்டியும் இருக்கிறார்கள். இரண்டு வகை மனிதர்களையும் எங்கள் உம்மம்மாமார் கடைசிவரை மறக்கவில்லை.

இன்று எங்கள் ஊர்களில் ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் இருப்பவர்களில் பலர், இந்தப் பொறுக்கிய கதிரில் கஞ்சி குடித்து வளர்ந்த உம்மாமாரின் பிள்ளைகள். நாங்களும் அதில் அடக்கம். இதைச் சொல்ல எங்களுக்குக் கூச்சம் இருந்தது. இந்தப் பதிவை எழுதும்போதுதான் அது போனது.

மாறிய காலம்

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் அணை எழும்பி, 1950களின் ஆரம்பத்தில் சேனாநாயக்க சமுத்திரம் நிரம்பியது. நாங்கள் பட்டிப்பளை ஆறு என்று சொன்னது கல்லோயா ஆனது. குடியேற்றங்களால் மாவட்டத்தின் முகம் மாறியது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. அந்த அரசியல் தனிக் கதை. வயல் வேலையைப் பொறுத்தவரை, மழையை மட்டும் நம்பியிருந்த பல காணிகளில் சிறுபோகமும் செய்ய முடிந்தது. கூலியாளுக்கு வருடத்தில் இரண்டு வெட்டு கிடைத்தது.

1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், குத்தகைக்குச் செய்பவனைப் போடியார் நினைத்தபடி எழுப்ப முடியாது என்றது. நல்ல சட்டம். ஆனால் சட்டம் வருகிறது என்று தெரிந்ததும் நாட்டின் பல பகுதிகளில் காணிக்காரர்கள் குத்தகைக்காரரை எழுப்பிவிட்டு, கூலிக்கு ஆள் வைத்துச் செய்வதாகக் காட்டினார்கள். காப்பாற்ற வந்த சட்டமே சிலரைக் கூலியாக்கியது. முல்லைக்காரனோ அந்தச் சட்டத்தின் கணக்கில் குத்தகைக்காரன் அல்ல, வேலைக்காரன். அவனுக்கு அதில் ஒன்றும் இல்லை.

அடுத்து மெசின். உழவு மெசின் வந்து எருமைப் பட்டிகளை வட்டையிலிருந்து அனுப்பியது. சூட்டின் மேல் மெசின் ஓடத் தொடங்கியதும் பிணையல் மாடு போனது. லேண்ட்மாஸ்டர் வந்தது. பத்தலகொடையிலிருந்து 1958இல் எச்-4, 1970இல் பீஜீ 11-11 என்று புதிய நெல்லினங்கள் வந்தன. விளைச்சல் கூடியது, உரமும் எண்ணெயும் கூடச் சேர்ந்து வந்தன. முன்பு கையில் நெல் இருந்தால் வேளாண்மை செய்யலாம். இப்போது கையில் காசும் இருக்க வேண்டும் என்றானது.

1977க்குப் பிறகு மத்திய கிழக்கின் கதவு திறந்தது. வட்டைக்குப் போன இளைஞர்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் போனார்கள். கதிர் பொறுக்கிய வீட்டுப் பெண்களில் பலர் பணிப்பெண்ணாகப் போனார்கள். ஓட்டு வீடுகள் எழும்பின. பிள்ளைகள் உம்மா இல்லாமல் வளர்ந்தார்கள்.

1978 நவம்பர் சூறாவளி ஒரு அடி. அதை விடப் பெரிய அடி யுத்தம். 1985க்குப் பிறகும், குறிப்பாக 1990இலும், வட்டைக்குப் போவது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவதாக இருந்தது. போனவர்களில் திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள், எங்களிலும் தமிழர்களிலும். ஒரே களத்தில் பொலி சொன்னவர்கள் ஒருவரையொருவர் பார்க்கப் பயந்த காலம் அது. காணிக்காரர் காணியைத் தரிசாக விட்டுவிட்டு ஊரில் இருக்கலாம். கூலியாள் என்ன செய்வான்? பயத்தோடு போனவர்களில் அதிகம் பேர் அவர்கள்தான்.

யுத்தம் முடிந்தது. இப்போது வெட்டும் மெசின் வந்துவிட்டது. இருபது பேர் நாள் முழுக்க வெட்டிக் கட்டிச் சூடு வைத்த வயலை, மெசின் சில மணித்தியாலத்தில் வெட்டி, அடித்து, தூற்றி, பையில் நிரப்பித் தருகிறது. உப்பட்டி இல்லை, சூடு இல்லை, களம் இல்லை. பொறுக்குவதற்குக் கதிரும் இல்லை. மெசினைக் குறை சொல்லவில்லை. குனிந்து வெட்டிய இடுப்புகளுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று. ஆனால் அந்த இருபது பேரும் எங்கே போனார்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கொஞ்சப் பேர் ஆட்டோ, கொஞ்சப் பேர் மேசன் வேலைக்குக் கையாள், கொஞ்சப் பேர் வெளிநாடு. வயது போனவர்கள் பள்ளிவாசல் திண்ணையில்.

2021 ஏப்ரலில் இரசாயன உரத்துக்குத் தடை என்று அறிவித்தார்கள், நவம்பரில் விலக்கினார்கள். அந்தப் பெரும்போகத்தில் பயிர் மஞ்சளாய் நின்றதைக் கண்ணால் கண்டோம். அடுத்த வருடம் டீசல் இல்லை, மெசின் ஓடவில்லை. அப்போது சில வயல்களில் மீண்டும் தாக்கத்தியோடு வெட்டுக்கு ஆள் தேடினார்கள். ஆள் கிடைத்தது. ஆனால் சூடு வைக்கத் தெரிந்தவரைத் தேடியபோதுதான் அந்தத் தலைமுறை எவ்வளவு குறைந்துவிட்டது என்று விளங்கியது.

ஏன் இதை எழுதுகிறோம்?

ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. உர மானியம் காணிக் கணக்கில் வருகிறது. காணி இல்லாதவன் அந்தக் கணக்கில் இல்லை. 1987இல் விவசாயிகள் ஓய்வூதியத் திட்டம் சட்டமானது. சந்தா கட்டினால்தான் அதில் பயன். எங்களுக்குத் தெரிந்த கூலியாட்களில் அதில் சேர்ந்தவர்கள் மிகச் சிலர். வருடம் முழுக்க உழைத்தவருக்கு வயது போனபின் கையில் ஒன்றும் இல்லை. "கூலி" என்று ஒரு சொல்லில் எல்லாரையும் அடக்கியதால், யாருக்கு என்ன தேவை என்று யாருக்கும் தெரியாமல் போனது. பள்ளிவாசல் ஸகாத் பட்டியல் எழுதும்போதுகூட, நல்லா இருந்த குடும்பம் நொடித்துப்போனால் உடனே கண்ணில் படுகிறது. முப்பது வருடம் எங்கள் சோற்றுக்குத் தண்ணீர் கட்டியவர் கண்ணில் படுவதில்லை.

இன்னொன்று எங்கள் பிள்ளைகள். "படிக்காட்டி வட்டைக்குத்தான் போகணும்" என்று வகுப்பில் நாங்களே சொல்லியிருக்கிறோம். இனிச் சொல்ல மாட்டோம். அந்த வகுப்பிலேயே வட்டைக்குப் போகிறவரின் பிள்ளை இருக்கிறது என்பதை மறந்து சொன்ன சொல் அது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

ஆகவே மூன்று விசயம் கேட்கிறோம்.

ஒன்று, பெற்றோர்களே, படிவத்தில் உங்கள் தொழிலின் பெயரைச் சொல்லுங்கள். வயல் காவல், தண்ணீர் கட்டுதல், மெசின் ஓட்டம் என்று எது செய்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள். கட்டம் சிறிதாக இருந்தால் பக்கத்தில் எழுத நாங்கள் இருக்கிறோம்.

இரண்டு, இளைஞர்களே, உங்கள் வீட்டில் மூத்தாப்பா, உம்மம்மா இருந்தால் தொலைபேசியில் அவர்கள் குரலைப் பதிந்து வையுங்கள். எந்த வட்டை, யாருடைய களம், எத்தனை மரைக்கால் கூலி, என்ன சொல் சொன்னார்கள் என்று கேளுங்கள். தாக்கத்தியும் மரைக்காலும் வீட்டு மூலையில் கிடந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பாடசாலையில் ஒரு அலுமாரி ஒதுக்குகிறோம்.

மூன்று, வேளாண்மை செய்கிற சகோதரர்களே, வயலில் மெசின் வெட்டி முடித்து நெல்லை வீதியிலேயே யாவாரிக்கு ஏற்றுகிறோம். களம் இல்லை என்பதால் களத்துக்கு வந்த ஏழையின் பங்கும் இல்லாமல் போய்விடக் கூடாது. எத்தனை மூட்டை ஏற்றினோம் என்ற கணக்கு எழுதுகிற அதே கொப்பியில், இதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அந்தப் பெரியவரை அடுத்த கிழமை பள்ளிவாசலில் கண்டோம். "மாமா, படிவத்தில் திருத்திப் போட்டாச்சு. முல்லைக்காரன் என்டு எழுதியிருக்கு" என்று சொன்னோம். சிரித்தார். பிறகு, "சேர், இனி அப்படி ஒரு தொழில் இல்லியே" என்றார்.

இருந்தது மாமா. அதை எழுதி வைத்துவிட்டோம்.

வட்டையில் உழைத்து மண்ணறைக்குப் போன எல்லோருக்காகவும் துஆச் செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்த வட்டைச் சொற்கள், தொழிற் பெயர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். சேர்த்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.